‘உன் படிப்பால் நம்ம மக்களுக்கு என்ன பயன்?’

தோழர்களே, இந்தப் பதிவில் நாங்கள் யாரையும் குற்றம் சாட்டப் போவதில்லை, எங்களைத் தவிர. மாணவர்களாக இருப்பவர்களும், மாணவர்களுக்கு ‘வழிகாட்டுகிறோம்’ என்று கிளம்பியிருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் முப்பதுகளில் இருக்கிறோம். சமூகவியலும் சமூகப் பணியும் முதுகலை வரை படித்தவர்கள். அய்யம்பாளையத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறோம். மாலை வகுப்பு, சாதிச் சான்றிதழ், பட்டா மனு, உதவித்தொகை விண்ணப்பம், வன்கொடுமை வழக்கு வந்தால் சாட்சிகளோடு நீதிமன்றம் வரை போய் வருவது. இதுதான் வேலை.

ஊரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பழனி மலையின் அடிவாரம். மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று காபியும் மிளகும் மலை வாழையும். கீழே மருதாநதி அணை, அதன் தண்ணீரில் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்பு. ‘அய்யம்பாளையம் நெட்டை’ என்று தென்னை வளர்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும், ரகத்துக்கே ஊர்ப்பெயர்தான். தோப்பு யாருடையது, தோப்பில் வேலை யாருடையது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மாலை வகுப்பில் ஏழாம் வகுப்பிலிருந்து வந்து உட்கார்ந்த ஒரு தங்கை. அம்மா கொப்பரைக் களத்தில் வேலை, அப்பா தேங்காய் உரிக்கப் போவார். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இளங்கலைக் கணிதம் முடித்து, எம்.எஸ்சி.யும் முடித்தாள். அவள் குடும்பத்தில் முதுகலை முடித்த முதல் ஆள். அடுத்து முனைவர் பட்டம் என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ‘எதுல பண்ணப் போற?’ என்று கேட்டோம்.

‘கோட்டுருவியல்க்கா. கிராஃப் தியரி.’

‘அது அப்ளைடா?’

‘இல்லக்கா. ப்யூர் மேத்ஸ்.’

சந்தோஷம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது நினைத்தோம். அவள் பார்த்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுத வேண்டும். அவளை உட்காரவைத்து இரண்டு வழி சொன்னோம். ஒன்று, கிராமப்புறப் பொது சுகாதாரம். இன்னொன்று, உணவு பதப்படுத்துதல். இரண்டிலும் கணக்குத் தெரிந்த ஆள் தேவை, புள்ளியியல் தெரிந்தால் போதும், மாறிக்கொள்ளலாம், நம்ம மக்களுக்கு நேரடியாக உதவும் என்றோம். இதில் எங்கள் சுயநலமும் இருந்தது. அப்போது எங்களிடம் குடியிருப்புகளில் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. எக்செல் தெரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. அதுதான் சிக்கல்.

பொது சுகாதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அளவில் கிராமச் சுகாதார ஆய்வு என்று பேசினால் எங்கள் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தை 1947-ல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கினார்கள். 1959-ல் அங்கே முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. 1964-ல் அது கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனமாக ஆனது. அதன் ஆய்வுக்களம் எது தெரியுமா? ஆத்தூர் ஒன்றியம். அய்யம்பாளையம் இருப்பதும் ஆத்தூர் வட்டத்தில்தான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஆத்தூர்’ என்ற பெயர் ஒரு சோதனையின் பெயராகவே உலகம் சுற்றியது. சௌந்தரம் அம்மையாரின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. இளம் வயதில் விதவையாகி, அதன்பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்தவர். 1952-ல் இதே ஆத்தூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

நாங்கள் சொல்வது வேறு. அறுபது வருடமாக நம்ம தெருக்களுக்கு யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எத்தனை பிள்ளை, எத்தனை தங்கியது, கக்கூஸ் இருக்கிறதா, என்ன சாப்பிட்டாய். எங்கள் பாட்டிகள் சொன்ன பதில்கள் எத்தனையோ பேருக்குப் பட்டமாக ஆகியிருக்கின்றன. ‘எழுதிட்டுப் போனவுக திரும்ப வந்ததே இல்லப்பா’ என்று ஒரு பாட்டி எங்களிடமே சொன்னார், நாங்களும் நோட்டுப் புத்தகத்தோடுதான் அவர் முன் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் கேள்வி கேட்கிற இடத்துக்கு நம்ம பிள்ளை ஒன்று போக வேண்டும் என்று நினைத்தோம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் களத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு ஏன் முப்பத்தைந்து வயதில் இருமல் நிற்பதில்லை என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. எந்தப் பாதி என்று அந்தச் சராசரி சொல்லாது. வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று ஏறிப் பார்த்தார்கள். சுகாதாரம் நமக்கு வெறும் சுகாதாரம் இல்லை என்று அவளிடம் சொன்னோம். ‘தெரியும்க்கா’ என்றாள்.

அடுத்தது உணவு. இதில் எங்களுக்குச் சொந்த அனுபவம் இருந்ததால் இன்னும் அழுத்தமாகப் பேசினோம்.

கொப்பரை எப்படி ஆகிறது என்று பார்த்திராதவர்களுக்கு: உரித்த தேங்காயை அரிவாளால் இரண்டாக வெட்டித் தண்ணீரைக் கொட்டி, களத்தில் வெயிலில் பரப்புவார்கள். இரண்டு நாளில் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கொடுக்கும். பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். மறுபடி காயவைக்க வேண்டும். பச்சைப் பருப்பில் பாதி எடை தண்ணீர்தான். அது ஆறு சதவீதத்துக்கு வர வேண்டும். இறங்காவிட்டால் பூசணம், பூசணத்தில் நஞ்சு. மழை மேகம் கண்டால் ஓடிப்போய் அள்ள வேண்டும், மேகம் போனால் மறுபடி பரப்ப வேண்டும். வெள்ளையாக இருக்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் சில இடங்களில் கந்தகம் புகை போடுவார்கள். அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இதற்கு மாற்று இருக்கிறது. சூரிய உலர்த்தி. ஒளி ஊடுருவும் தகடால் மூடிய கூடாரம் போல இருக்கும். உள்ளே வெப்பம் கூடும், தூசியும் மழையும் நாயும் காக்கையும் உள்ளே வராது, புகையே தேவையில்லை, நாளும் குறையும். குறு உணவு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் திட்டம் 2020-ல் வந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். சுய உதவிக் குழுவில் ஓர் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி. பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு என்றே தமிழ்நாடு அரசு 2023-ல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் திட்டம் கொண்டுவந்தது. படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது எங்களுக்கு. நம்ம பெண்கள் குழுவைக் கூட்டி, சின்னதாக ஓர் உலர்த்தி போடுவோம், கொப்பரையும் மலை வாழைப்பழமும் காயவைத்துப் பொட்டலம் போட்டு விற்போம் என்று இறங்கினோம்.

முதல் கேள்வியிலேயே மாட்டினோம். உலர்த்தியை எங்கே வைப்பது? நாள் முழுக்க நிழல் விழாத இடம் வேண்டும். இரண்டரை சென்ட் பட்டாவில் வீடு போக மிச்சம் துணி காயப்போடக்கூடக் காணாது. குடியிருப்பைச் சுற்றிலும் அடுத்தவர் தோப்பின் நிழல். சூரிய சக்தி என்று நாங்கள் படித்த கையேடு எதிலும் வெயிலுக்கும் பட்டா வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம்.

பொருள் நன்றாகவே வந்தது. மலை வாழைப்பழம் காய்ந்தால் என்ன ருசி தெரியுமா, பேரீச்சம்பழம் தோற்றுவிடும். அடுத்து உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதன்பின் லேபிள். லேபிளில் தயாரிப்பாளரின் முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பெண்களின் முகவரி ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று முடிகிறது. முதல் முறை எடுத்துக்கொண்ட கடைக்காரர் இரண்டாம் முறை பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ‘மூவிங் இல்லங்க’ என்றார், அவ்வளவுதான். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை, எழுதிப் பிரயோசனமும் இல்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைத்ததற்கு என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். சமைத்த கை தெரிந்தால் சோறு இறங்காத சமூகத்தில் நாங்கள் மதிப்புக்கூட்டல் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தோம். பேருந்து நிலையம் பக்கம் ஒரு முகவரி வாடகைக்கு எடுக்கலாமா என்று குழுவில் ஒரு அக்கா கேட்டார். இரண்டு கூட்டம் அதிலேயே போனது. முகவரியை மறைத்தால் விற்கும், மறைத்தால் நாம் யார்? முடிவு எட்டாமலேயே இருந்தோம். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அந்த அக்கா எங்களுக்குப் போன் செய்து, ‘அப்ப லேபிள மாத்தி அடிக்கணுமா, இருக்கற ஸ்டிக்கர் தீரட்டுமா?’ என்றார்.

இவ்வளவும் சொல்லித்தான் தங்கையிடம் பேசினோம். பார், எவ்வளவு வேலை கிடக்கிறது, உன்னைப் போல் படித்த ஆள் வந்தால்... என்று. அவள் உணவுக் குழுவுக்கும் வந்தாள். அம்மா சொன்னார் என்று இரண்டு மாதம் கணக்கு எழுதினாள். (கழித்தலில் தப்பு விடுவாள். ‘பெரிய கணக்கு தெரிஞ்ச புள்ளைக்குச் சின்ன கணக்கு வரமாட்டேங்குது’ என்று பெண்கள் சிரிப்பார்கள். கணிதம் படித்தவர்கள் எல்லாம் வேகமாகக் கூட்டுவார்கள் என்பது எங்களுக்கும் இருந்த மூடநம்பிக்கை.)

ஒரு நாள் அவள் எங்களுக்குத் தன் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் கேட்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்து அவளாகவே ஆரம்பித்தாள். ஒரே வரிசையில் ஒன்பது வீடு. சில வீட்டு வாசலில் குழாய் வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வாசலிலோ பக்கத்து வாசலிலோ குழாய் இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை குழாய்? மூன்று. இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது வீடுகளில். பத்து வீடு என்றால் நான்கு. நான்கு வீடு வட்டமாக இருந்தால் இரண்டு. வரிசையும் வட்டமும் சுலபம். வீடுகள் கண்டபடி இணைந்திருந்தால்? அந்தக் குறைந்தபட்ச எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. டாமினேஷன் நம்பர். தமிழில் சொன்னால் ஆதிக்க எண்.

நாங்கள் துள்ளிவிட்டோம். ஆதிக்க எண்! குழாய்! அடடா, இது நம்ம விஷயம்தானே! உடனே ஒருவர் பேச ஆரம்பித்தார்: இதில் நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும், உன் படத்தில் கோடு இரண்டு பக்கமும் போகிறது, ஊரில் அப்படி இல்லை, ஊர்க்காரர் நம்ம தெரு வழியே வருவார், நாம் அவர் தெரு வழியே போனால் பிரச்சினை, பக்கத்து வீட்டுக் குழாய் என்பது எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக் குழாய் இல்லை, ஆகவே ஆதிக்க எண்ணைச் சாதியோடு சேர்த்து நீ...

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: ‘குழாய் உங்களுக்குப் புரியறதுக்காகச் சொன்னேன்க்கா. எனக்குக் குழாய் வேணாம். அந்த எண் எனக்குப் பிடிச்சிருக்கு.’

பிறகு அவள் உண்மையில் எதைச் செய்ய விரும்புகிறாள் என்று சொன்னாள். ஒரே மாதிரி அமைப்புள்ள மாடிகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாடிக்குள் வீடுகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பது ஒரு படம். மாடிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பது இன்னொரு படம். முதல் படத்தின் ஆதிக்க எண்ணையும் இரண்டாவதின் ஆதிக்க எண்ணையும் பெருக்கினால் வருவதைவிட, முழுக் கட்டிடத்தின் ஆதிக்க எண் குறையவே குறையாது. வாதிம் விசிங் என்பவர் 1968-ல் இதை முன்வைத்தார். எத்தனையோ வகைப் படங்களுக்கு உண்மை என்று நிறுவிவிட்டார்கள். எல்லாப் படத்துக்கும் உண்மையா என்று இன்றுவரை யாரும் நிறுவவும் இல்லை, பொய் என்று ஒரு உதாரணம் காட்டவும் இல்லை. ‘நான் அதைத் தீத்துருவேன்னு சொல்லலக்கா. அதுக்குப் பக்கத்துல ஒரு மூலைல ஏதாவது செய்யலாம்.’

அப்போதுதான் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டோம். தலைப்பில் இருக்கிற கேள்வி. அக்கறையோடு, மெல்லிய குரலில், தோளில் கை வைத்து. அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து உடல்நலக் கணக்கெடுப்புக்கு வந்து எக்செல்லில் உட்கார்ந்தாள். எட்டு மாதம். நாங்கள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

நடுவில் எங்களுக்குச் சொல்லாமல் ஓரிடத்தில் முனைவர் பட்ட நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறாள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். கணிதத்தில் சில கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னாள். பிறகு குழுவில் ஒருவர் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘இதுல பிஎச்.டி. பண்ணி உங்க கம்யூனிட்டிக்கு என்னம்மா பயன்? பி.எட். முடிச்சா வேலையாவது கிடைக்குமே?’ அன்று நேர்காணலுக்கு வந்திருந்த மற்றவர்களை வெளியே வந்ததும் விசாரித்திருக்கிறாள். வேறு யாரிடமும் யாருடைய சமூகத்தின் பயனையும் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கெல்லாம் கணக்கு மட்டும்தான் இருந்தது.

இதை அவள் எங்களிடம் ஒரு மாதம் கழித்துச் சொன்னாள். நாங்கள் கொதித்தோம். புகார் எழுதலாம், ஆணையத்துக்குப் போகலாம் என்று எழுந்தோம். அவள் எங்களைப் பார்த்து, ‘நீங்களும் அதையேதானக்கா கேட்டீங்க’ என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அன்று இரவு நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பின் யோசித்தோம். சமூகவியல் படித்தவர்கள் கொஞ்சம் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் சமூகவியலும் சமூகப் பணியும் ஏன் வாய்த்தது? விரும்பித்தான் படித்தோம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்குப் பள்ளியில் வானியல் பைத்தியம். நம்ம பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், உதவித்தொகையில் படித்த ஒவ்வொருவர் தலைமேலும் ‘நம்ம மக்கள்’ என்ற கடன் பத்திரம் இருக்கிறது. ஆதிக்கசாதிப் பையன் சும்மா பிடித்திருக்கிறது என்பதற்காக எண்கோட்பாடு படிக்கலாம், வயலின் கற்கலாம், படித்ததைப் பாதியில் விடலாம். நம்ம பிள்ளை பிடித்ததைப் படித்தால் துரோகம். மொழி வேறு கேலி செய்கிறது. தமிழில் அதற்குத் ‘தூய கணிதம்’ என்று பெயர். தூய்மைப் பணி என்றால் ஆள் தேடி நம்ம தெருவுக்கு வருவார்கள். தூய கணிதத்துக்கு யார் வருகிறார்கள்?

பாபாசாகேபை நாம் அரசியலமைப்போடும் மகாத் குளத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம். 1923-ல் அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய ஆய்வு எதைப் பற்றியது? ரூபாயின் பிரச்சினை. தங்க நாணய முறையா, தங்கப் பரிமாற்ற முறையா என்ற விவாதம். மூக்நாயக் பத்திரிகையை 1920-ல் தொடங்கிவிட்டு, சமூகத்தில் இவ்வளவு எரியும்போது, லண்டன் நூலகத்தில் உட்கார்ந்து நாணய மாற்று விகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்களைப் போல அக்கறையுள்ள மூன்று பேர் அவர் தோளில் கை வைத்திருந்தால்?

இந்தப் பதிவை எழுதும்போது விசிங் யார் என்று தேடிப் படித்தோம். 1937-ல் கீவில் பிறந்தவர். தாய் பாதி ஜெர்மானியர் என்பதால் போருக்குப் பின் குடும்பம் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டது. மாஸ்கோவில் ஆராய்ச்சிக்குப் போனபோது அவர் விரும்பாத தலைப்பைக் கொடுத்தார்கள். மாற்றிக் கேட்டார், மாற்றவில்லை, பட்டம் வாங்காமலேயே நோவோசிபிர்ஸ்க் திரும்பிவிட்டார். கோட்டுருக்களுக்கு வண்ணமிடுவது பற்றிய அவருடைய புகழ்பெற்ற தேற்றத்தைப் பெரிய ஆய்விதழ் சுவாரசியமில்லை என்று திருப்பி அனுப்பியது. 1964-ல் உள்ளூர் இதழ் ஒன்றில்தான் வெளிவந்தது. இன்று கோட்டுருவியல் பாடநூலில் அந்தத் தேற்றம் கட்டாயம் இருக்கும். தங்கைக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வசந்தா கந்தசாமியை உங்களில் பலர் அறிவீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கணிதம் கற்பித்தவர், இயற்கணிதத்தில் ஏராளமாக எழுதியவர், இடஒதுக்கீட்டுக்காக அங்கேயே நின்று போராடியவர். 2006-ல் தமிழ்நாடு அரசு துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. தீண்டாமை பற்றிய பெரியாரின் கருத்துகளை ஃபஸி கணிதத்தால் ஆராய்ந்து 2005-ல் ஒரு நூலே கொண்டுவந்தார். ‘பார், இவர் மாதிரி நீயும் இரண்டையும் சேர்த்து...’ என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டோம். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. முழு எண்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சிதான் இன்றைக்கு வங்கிப் பரிவர்த்தனையைக் காக்கும் ரகசியக் குறியீடாக ஆகியிருக்கிறது, ஆகவே தூய கணிதமும் ஒருநாள் பயன்படும் என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். ‘இதுவும் அதே கேள்விதானக்கா’ என்று சிரித்தாள்.

அதற்காகக் கணிதத்தில் சாதி இல்லை என்று நாங்கள் எழுதப் போவதில்லை. நிறுவலுக்குச் சாதி கிடையாது. நெறியாளரை ஒதுக்கும் மேசைக்கு உண்டு, நேர்காணல் மதிப்பெண்ணுக்கு உண்டு. எய்ம்ஸ் பற்றி 2007-ல் வந்த தோரட் குழு அறிக்கையைப் படியுங்கள். ரோகித் வெமுலா அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அவள் அம்மாவுக்கு ரோகித்தின் படம் தெரியும், எங்கள் மாலை வகுப்புச் சுவரில் இருக்கிறது. ‘தூரமாப் போயித்தான் படிக்கணுமா தம்பி?’ என்று அந்தப் படத்தைப் பார்த்தபடியேதான் எங்களிடம் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. விடுதியில் நம்பகமான அண்ணன் அக்காமார் இரண்டு பேர் எண்ணை அவர் போனில் போட்டுக் கொடுத்தோம். அதுதான் முடிந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம், இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும். தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கணிதத்தில் அது கடினம். முதல் முறை அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06-ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது, இப்போதும் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பணம் வராமல் ஆய்வாளர்கள் குரல் எழுப்புவது அடிக்கடி செய்தியாகிறது. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் சமூகங்களின் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். சேர்ந்தவுடன் கையில் வராது, இடைப்பட்ட மாதங்களுக்கு யாராவது தாங்க வேண்டும். உயர்கணிதத்துக்கான தேசிய வாரியமும் உதவித்தொகை தருகிறது. நம்ம கல்லூரிகளில் அதன் பெயரையே யாரும் சொல்வதில்லை. நாங்களே இவளுக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டோம், வெட்கம்தான்.

இன்னொரு நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கே கணக்கு மட்டும் கேட்டார்களாம். உடல்நலக் கணக்கெடுப்பை எக்செல் தெரியாத நாங்களே தட்டுத்தடுமாறி முடித்தோம். உலர்த்தி ஓடிக்கொண்டிருக்கிறது. லேபிளில் முகவரியை மறைக்காமல்தான் போடுகிறோம். சந்தைக்குப் பதில் தெரிந்த தோழர்கள் வழியாக விற்கிறோம், அது எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்த நிறுவலில் நடுவில் ஒரு ஓட்டை, மொத்தமும் போச்சு என்றாள். எங்களுக்குப் பகீரென்றது. ஆனால் குரலைக் கேட்டால் அப்படி ஒரு உற்சாகம். எங்கே ஓடுகிறது, ஏன் அங்கே அந்தச் சமனின்மை நிற்காது என்று இருபது நிமிடம் பேசினாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களில் ஒருவர் அனிச்சையாக, ‘அப்ப இந்த ரெண்டு மாசத்தால...’ என்று ஆரம்பித்தார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தோம்.

‘சாப்டியாடா?’ என்று முடித்தார்.